கொட்டாவிக்கு ஒரு புள்ளி

என் மகள் பிறந்த இரண்டாம் நாள் காலையில் வரிசையாக ஆறு தும்மல் தும்மினாள். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த மற்றத் தாய்மார்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு பல நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் அந்தச் சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

நான் றொசல்லைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு பிள்ளை அழுதால், முகத்தைப் பார்க்காமலே அது பசியா, வயிற்றுவலியா, சும்மா அடமா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. அந்தத் தலைக்கனத்தை என் மகள் இரண்டே நாளில் இறக்கி வைத்துவிட்டாள்.

அன்று பகல் அவள் தொடங்கிய அழுகை நான் அறிந்த எந்த வகையிலும் சேரவில்லை. கிறீச்சென்று, ஊசி மாதிரி, இடைவெளியே இல்லாத அழுகை. கையைத் தொட்டால் கை வெடவெடவென்று நடுங்கியது. தொடாவிட்டாலும் தாடை நடுங்கியது. மார்பைத் தேடித் தேடி வாயை அலையவிடுவாள், கிடைத்ததும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு உதறுவாள். நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் குளிரில் அவளுக்கு நெற்றி வியர்த்தது. படுக்கையில் தேய்த்துத் தேய்த்து இரண்டு முழங்காலும் சிவந்து தோல் உரிந்திருந்தது.

என் கணவரின் அக்கா புஷ்பம் மதினிதான் எனக்குத் துணைக்கு வந்திருந்தார். மலையில் கொழுந்து பறிப்பவர். வாய் நீளம், கை அதைவிட வேகம், ஒரு வேலையையும் மிச்சம் வைக்கமாட்டார்.

"கண்ணு பட்டிருச்சுடி சுகந்தி. நேத்து அந்தக் கடைசிக் கட்டில்காரி, 'என்னா முடி, என்னா முடி'ன்னு வாயப் பொளந்தா. நான் அப்பவே நெனச்சேன்," என்று சொல்லி எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கயிற்றை எடுத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினார். கால் மணி நேரத்தில் நர்ஸ் வந்து அதை வெட்டிக் குப்பையில் போட்டார். மதினி அன்றைக்கு முழுக்க அந்த நர்ஸைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பிள்ளையைச் சின்னக் குழந்தைகளுக்கான விசேஷப் பிரிவுக்கு மாற்றினார்கள். குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சீனி குறைந்தாலும் இப்படி நடுங்குமாம், கல்சியம் குறைந்தாலும் நடுங்குமாம், கிருமி ஏறியிருந்தாலும் நடுங்குமாம். சீனி சரி, கல்சியம் சரி. உச்சிக்குழி வழியாக ஸ்கேன் பிடித்து மூளைக்குள் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதுவும் சரி. ஒவ்வொன்றும் சரி என்று வர வர எனக்குப் பயம்தான் கூடியது. ஏதாவது ஒன்று தப்பாக வந்தால் அதற்கு ஒரு மருந்தாவது இருக்குமே!

இங்கே, அப்போது ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை வயிற்றில் வருவதற்குப் பல மாதம் முந்தி, மடுவத்தின் ஈரப் படியில் கஞ்சிச் சட்டியோடு வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டது. டவுனில் ஒரு டொக்டர் இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளுக்கு, வலி மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு கிழமை முடிந்தும் வலி நிற்கவில்லை. பாமசியில் டொக்டரின் மருந்துத் துண்டு கேட்காமலே தந்தார்கள். நாளுக்கு ஒன்று என்றிருந்தது இரண்டானது, மூன்றானது. வலி போன பிறகும் விடமுடியவில்லை. ஒருநாள் வாங்க மறந்துவிட்டால் மறுநாள் கொட்டாவி கொட்டாவியாக வரும், மூக்கு ஒழுகும், உடம்பு சிலிர்க்கும், கை நடுங்கும். ஒன்றைப் போட்டால் அடங்கிவிடும். மாசமான பிறகும் போட்டேன். தோட்டத்துக் கிளினிக்கில் மிட்வைப், "வேற ஏதும் மருந்து பாவிக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். வலி மாத்திரையும் ஒரு மருந்தா என்று மனதுக்குள் ஒரு சமாதானம். ஏச்சு விழுமே என்ற பயம் அதற்கும் கீழே கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது நாலு மாத்திரையை அட்டையோடே பெட்டிக்கோட்டு மடிப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். இரண்டாம் நாள் இரவோடு அது தீர்ந்துவிட்டது. ஆனாலும், தாய்மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த மாத்திரைக்கும் பிள்ளையின் நடுக்கத்துக்கும் முடிச்சுப் போட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தார். புதிதாக வந்த சிங்களப் பிள்ளை, ஒரு சொல் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்கு வரும். அவர் ஏதோ கேட்க வாயெடுத்து, பக்கத்துக் கட்டில்காரர்களைப் பார்த்துத் தயங்கினார். தரை துடைத்துக்கொண்டிருந்த சோமா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உதவிக்கு வந்தார். அவரும் சிங்களம்தான், ஆனால் எங்கள் ஆட்களோடு பழகி உடைந்த தமிழ் பேசுவார்.

"மிஸ் கேக்குறது, நீ தூள் எடுக்கிறதா?"

இதென்ன கேள்வி என்று எனக்கு ஆச்சரியம். தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு தூள் எடுக்காதவர்கள் உண்டா?

"எடுக்குறோம் அக்கா."

"எவ்வளவு காலம்?"

"கல்யாணம் கட்டுனதுலேர்ந்தே எடுக்குறோம். அதுக்கு முந்தி எங்கம்மா வீட்டுலயும் எடுத்தாங்க."

சோமா அக்கா அதைச் சிங்களத்தில் சொன்னார். நர்ஸ் எழுதினார்.

"எங்கேயிருந்து கிடைக்குது?"

"தோட்டத்துலதான் மாசாமாசம் குடுக்குறாங்க. பத்தலன்னா எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் கூட வாங்கியாருவாரு. அவரு பெக்டரியில தூள் சலிக்கிற எடத்துலதான வேலை செய்றாரு."

நர்ஸின் பேனா நின்றுவிட்டது.

"வயித்துல பிள்ளை இருக்கும்போதும் எடுத்ததா?"

"எடுக்காம? காலையில ஒன்னு, பத்து மணிக்கு ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. ஒரு நேரம் இல்லாட்டி தலவலி வந்துருமே எனக்கு!"

சோமா அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. பாவம், அவர் நல்லது செய்யத்தான் நினைத்தார். சிங்களத்தில் ஹெரோயினுக்குப் பேச்சுப் பெயர் 'குடு'. குடு என்றால் தூள். குடு என்று அப்படியே கேட்டிருந்தால் இந்த நாட்டில் யாருக்கும் விளங்கும், எனக்கும் விளங்கியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்கள் முன்னால் அந்த அசிங்கமான சொல் வேண்டாமே என்று, பெரிய மனது பண்ணி, அவர் அதைத் தமிழ்ப்படுத்திவிட்டார்.

அரை மணி நேரத்தில் எல்லாம் மாறியது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டாம், பிழிந்து ஊற்றிவிடு என்றார்கள். என்னிடமும் பிள்ளையிடமும் சலம், அதுதான் சிறுநீர், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் நான் தனியாக நிற்கக் கூடாதாம். அவளுடைய தொட்டிலில் ஒரு நீளமான தாளை மாட்டினார்கள். நான் உயர்தரம் வரை படித்தவள், ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதில் ஒரு பட்டியல் இருந்தது: அழுகை, தூக்கம், நடுக்கம், வியர்வை, தும்மல், கொட்டாவி, பால் குடிப்பது, வயிற்றோட்டம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் பார்த்துப் புள்ளி போட்டு, கீழே கூட்டி எழுத வேண்டும். கிறீச்சென்ற அழுகைக்குக் கூடுதல் புள்ளி. கொட்டாவிக்கு ஒரு புள்ளி.

அந்தப் பட்டியலை நான் மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கே ஒரு கொட்டாவி வந்தது. பின்னால் இன்னொன்று. மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. கையில் மயிர் சிலிர்த்து நின்றது. தொட்டிலுக்குள் அவளும் கொட்டாவி விட்டாள்.

யோசித்து முடிப்பதற்குள் பார்வையாளர் நேரம் வந்துவிட்டது. என் கணவர் மணி, வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் தேயிலைத் தூசி. வாசலிலேயே அவரை நிறுத்தி, டொக்டரின் அறைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்; நர்ஸும் சோமா அக்காவும் அங்கே நின்றார்கள், மதினியும் பின்னாலேயே நுழைந்துவிட்டார். பெரிய டொக்டர் சிங்களப் பெண்மணி. ஆனால் பல வருடம் வடக்கில் வேலை செய்தவர், அங்கே பிடித்த யாழ்ப்பாணத் தமிழைச் சரளமாகப் பேசுவார்.

"நீங்கள் தூள் கொண்டுவாறனீங்களோ?" என்று இவரிடம் நேராகக் கேட்டார்.

இவருக்கு முகமெல்லாம் பல். "எப்பிடிங்க தெரியும்? மிஸ்மாருக்குன்னு நல்ல தூளா பாத்து அரைக் கிலோ கொண்டாந்திருக்கேங்க!" என்று சொல்லிப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

டொக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். நல்ல புதுத் தேயிலை வாசம் அறை முழுக்கப் பரவியது. டொக்டர் அதை முகர்ந்தார், நர்ஸைப் பார்த்தார், சோமா அக்காவைப் பார்த்தார். பிறகு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சோமா அக்கா, "ஐயோ தெய்வமே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். விஷயம் விளங்கியதும் மணி விழுந்து விழுந்து சிரித்தார். மதினி மட்டும், "எங்கள என்னான்னு நெனச்சீங்க?" என்று நர்ஸிடம் மல்லுக்கு நின்றார். அந்த நர்ஸ் பிள்ளை மன்னிப்புக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது.

அன்றிரவே சலப் பரிசோதனையும் வந்தது. எங்கள் இருவரிடமும் ஒன்றும் இல்லை. தொட்டிலில் மாட்டியிருந்த தாளை நர்ஸ் கழற்றினார். "ஸொறி அக்கா," என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். என் கை நடுங்கியது. அவமானத்தில் நடுங்குகிறேன் என்று அவர் நினைத்திருப்பார்.

நான் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? பரிசோதனையிலேயே ஒன்றும் இல்லையே, அப்படியானால் மாத்திரைதான் காரணமாக இருக்காது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சொன்னால் பிள்ளையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பகலில் வெறும் சந்தேகத்துக்கே தொடவிடவில்லையே, நிஜம் தெரிந்தால்? இப்படியே எண்ணி எண்ணி விடிந்தது. பிள்ளை இன்னும் அழுதுகொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் காலையில், கிருமி மூளை வரை போயிருக்கிறதா என்று பார்க்க முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். மற்ற எல்லாம் சரியாக இருப்பதால் இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். மணி என்னைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. உள்ளே அவளை இறால் போல வளைத்துப் பிடித்திருப்பார்கள். கதவுக்கு வெளியே நான் நின்றேன். அந்த ஊசி கிருமிக்காகப் போட்டது இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காகப் போட்டது. நான் பேசியிருந்தால் அவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது. அவளுடைய அழுகை கதவைத் தாண்டி வந்தபோது, என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று ஒரு வெறி வந்தது.

டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். நான் வழியை மறித்தேன்.

"டொக்டர், அந்தத் தாளத் திருப்பி மாட்டுங்க."

"எந்தத் தாள்?"

"நேத்துக் கழட்டுனீங்களே, புள்ளி போடுற தாளு. அதத் திருப்பி மாட்டுங்க. நான் தூள் எடுக்கலங்க. மாத்திரை எடுத்தேன். இடுப்பு வலி மாத்திரை. ஒன்றரை வருஷமா எடுக்குறேன். பாப்பா வயித்துல இருக்கும்போதும் எடுத்தேன். கடைசியில நாளைக்கு அஞ்சாறு."

மாத்திரையின் பெயரைச் சொன்னேன். டொக்டர் என் முகத்தைப் பார்த்தார், ஒழுகும் மூக்கைப் பார்த்தார், என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார்.

"அந்தப் பரிசோதனை ஹெரோயின் மாதிரியானதைத்தான் பிடிக்கும். இந்த மாத்திரையைப் பிடிக்காது," என்றார். ஏசுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "நல்ல வேளை சொன்னீங்கள். வாங்கோ, இருங்கோ," என்றார். உட்காருங்கள் என்கிற அந்த 'இருங்கோ'வைக் கேட்டதும் நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மணி எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

டொக்டரின் அறைக்குள் போனதும் மதினி கட்டாயம் வெடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாக, "அது என்னா மாத்திரைடி? காட்டு," என்றார். என்னிடம் வெற்று அட்டைதான் இருந்தது. அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் மடியை அவிழ்த்து வெற்றிலைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அதே மாத்திரை. "முட்டி வலிக்குன்னு பாமசிக்காரன் குடுத்தான். இதப் போட்டாத்தான் நான் மலை ஏறுறேன். எங்க கொழுந்துக் கேங்குல பாதிப் பேரு இதுதான்டி போடுறாளுக. எங்களுக்கு இது மலை ஏத்துற மாத்திரை," என்றார். அட்டையை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு இனி வேணாம்," என்றார். டொக்டர், சட்டென்று நிறுத்தக் கூடாது, அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று சொல்லி அவருக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்.

பிறகு எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளையில் நரம்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று இரசாயனத்தால் சேதி அனுப்பிக்கொள்கின்றன. அணுவின் மேல் அந்த இரசாயனம் வந்து உட்காருவதற்கு இடங்கள் உண்டு. அபின் வகையைச் சேர்ந்த இந்த மாத்திரை அந்த இடங்களில் தானே போய் உட்கார்ந்துகொண்டு, சேதியை அமுக்கிவிடுகிறது. வலி தெரியாமல் போவது அதனால்தான். என் மாத்திரை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போனது. மாதக்கணக்கில் அமுக்கப்பட்ட அந்தப் பிஞ்சு அணுக்கள் சும்மா இருக்கவில்லை, அமுக்கத்தையும் மீறிச் சேதி போகவேண்டும் என்று உள்ளே தங்கள் வேகத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துக்கொண்டன. பிறந்ததும் கொடியை வெட்டினார்கள், மாத்திரை நின்றது. கூட்டிய வேகம் மட்டும் நிற்கவில்லை. விழிப்பையும் படபடப்பையும் கிளப்பும் நோரட்ரினலின் என்ற இரசாயனம் மூளைத்தண்டிலிருந்து கட்டுக்கடங்காமல் கொட்டுகிறது. நடுக்கம், வியர்வை, தும்மல், தூக்கமின்மை எல்லாம் அதன் வேலை. குடலிலும் அதே இடங்கள் இருப்பதால் வயிற்றோட்டம்.

எனக்குப் பாதி விளங்கியது. எங்கள் மடுவத்துக்குத் தகரக் கூரை.

"டொக்டர், தகரத்துல மழை பேஞ்சா நாங்க கத்திக் கத்திப் பேசுவோம். மழை சட்டுனு நின்னாலும், நின்னது தெரியாம கொஞ்ச நேரம் கத்திக்கிட்டுத்தான் இருப்போம். அது மாதிரியா?"

டொக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓம். அப்பிடியேதான். உங்கட மாத்திரைதான் மழை. மழை நிண்டது பிள்ளையின்ர மூளைக்கு இன்னும் விளங்கேல்லை. அது கத்திக்கொண்டிருக்கு."

"எப்ப விளங்கும்?"

"மெல்ல மெல்லத்தான். நாங்கள் மழையைத் தூறலா விட்டுப் பிறகு நிப்பாட்டுவம்."

தூறல் என்று அவர் சொன்னது மோர்பின் சொட்டு. வாய் வழியாக, அளந்து, நேரத்துக்கு நேரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதனால் வந்ததோ அதையே மறுபடி கொடுப்பதா? ஆனால் அதுதான் வழி. தாளில் புள்ளி குறையக் குறையச் சொட்டையும் குறைப்பார்கள். மூச்சு மந்தமாகிறதா என்று பார்க்க ஒரு கருவி காலில் மாட்டியபடியே இருக்கும். என்னையும் மறுநாளே வேறொரு டொக்டரிடம் அனுப்பினார்கள், என் மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவதற்கு. டொக்டர்கள் கூடிப் பேசி, பிள்ளையைக் கவனித்துக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

"இத எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதத்தான் வேணும்," என்றார். "பிள்ளைகள் பாதுகாப்பு உத்தியோகத்தர் வருவா, கேள்வி கேப்பா. ஒண்டையும் மறைக்காதேங்கோ. மறைக்கிற தாயைப் பாத்துத்தான் எங்களுக்குப் பயம்."

அதன் பிறகு நாட்களை நான் கிழமை சொல்லி எண்ணவில்லை, புள்ளி சொல்லி எண்ணினேன். முதல் நாள் பதினாலு. அடுத்த நாள் பன்னிரண்டு. பதினொன்று. மறுபடி பதின்மூன்று, அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. நர்ஸ் பேனாவை எடுத்தாலே நான் எழுந்து போய் எட்டிப் பார்ப்பேன். பிள்ளை ஒரு தும்மல் தும்மினால், இரண்டாவது வந்துவிடாதே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மருந்தைவிட முக்கியம் அமைதி என்றார்கள். சேதி ஏற்கெனவே இரைகிறது, வெளியிலிருந்து நாமும் வெளிச்சமும் சத்தமும் சேர்க்கக் கூடாதாம். மூலையில் அவள் தொட்டிலுக்கு மட்டும் ஒரு துணித் திரை கட்டினார்கள். கையைக் காலை அடக்கி இறுக்கமாகச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து வைத்திருக்க வேண்டும். அணைத்துக்கொண்டு கதைக்கவும் கூடாது. புஷ்பம் மதினிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. வாய் ஓயாத அந்த மனுஷி, திரைக்குள் வந்தால் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, ஒரு மணி, இரண்டு மணி என்று பிள்ளையை வைத்திருந்தார். வெளியே போனதும் அடக்கி வைத்ததையெல்லாம் சோமா அக்காவிடம் கொட்டித் தீர்ப்பார். அவர்கள் இருவரும் அதற்குள் சிநேகிதமாகிவிட்டார்கள். மணி கொண்டுவந்த தூளில் சோமா அக்காதான் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தருவார். "தூள் எடுக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே தருவார்.

மணி நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை. வந்ததும் கைகால் கழுவி, சட்டையைத் திறந்து, பிள்ளையை வெற்று நெஞ்சில் போட்டுக்கொள்வார். பிள்ளையைப் பக்கவாட்டில் ஆட்டினால் அழுகை கூடியது. மேலும் கீழுமாக, மெதுவாக ஒரே தாளத்தில் அசைத்தால் அடங்கியது. அந்தத் தாளத்தை நான் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவேன். சலிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் பத்து வருடம் நின்ற மனுஷனுக்கு அது உடம்பிலேயே ஊறியிருந்தது. ஐந்தாம் நாள் அவர் அப்படி நின்றபடியே, என்னைப் பார்க்காமல், "நீயும் ரொம்ப நடுங்குறியா இப்ப?" என்று கேட்டார். "கொஞ்சந்தான்," என்றேன். தன் ஸ்வெட்டரைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். அது போதும் எனக்கு.

உத்தியோகத்தர் அம்மா வந்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பாமசியைச் சொன்னேன், கிளினிக்கில் சொன்ன பொய்களைச் சொன்னேன். எழுதிக்கொண்டு, "வீட்டுக்கும் வருவேன், எப்ப வேணும்னாலும் வருவேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளையைத் தருவார்களா மாட்டார்களா என்பதை அவர் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

எட்டு. ஏழு. ஏழு. ஐந்து. ஒருநாள் பகல் அவள் மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள். நான் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். அதே புதுப் பிள்ளைதான். அதற்குள் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொல் படித்திருந்தது. "அக்கா, இது தூக்கம்," என்றது. "நல்ல தூக்கம்."

மூன்றாவது கிழமையில் சொட்டை நிறுத்தினார்கள். நிறுத்திய பின் இரண்டு நாள் சும்மா வைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் எனக்கு வருடம். பிறகு பிள்ளையை என் கையில் தந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். என் கையிலேயே தந்தார்கள். ஒரு கையெழுத்தும், கிளினிக் திகதிகள் எழுதிய ஒரு கொப்பியும், அவ்வளவுதான். வாசலில் டொக்டரிடம் கேட்டேன்: "மூளைக்கு ஏதும் நிரந்தரமா ஆயிருக்குமா?"

"தெரியாததைத் தெரியாது எண்டுதான் சொல்லுவன்," என்றார். "எழும்பி இருக்கிறது, கதைக்கிறது, பாக்கிறது, எல்லாம் வளர வளரத்தான் பாக்கோணும். கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்தத் 'தெரியாது' எங்களோடு பஸ்ஸில் ஏறி வீட்டுக்கும் வந்தது. அவள் தலை நிமிர்த்துவது ஒரு கிழமை பிந்தினால் எனக்குச் சோறு இறங்காது. சத்தம் கேட்டுத் திரும்பாவிட்டால் கரண்டியைத் தட்டிக்கொண்டே இருப்பேன். உத்தியோகத்தர் அம்மா இரண்டு தடவை சொல்லாமல் வந்தார், இரண்டு தடவையும் பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். மடுவத்தில் மாசமாக இருக்கும் தாய்மார் பிள்ளை விட வந்தால், நான் இப்போது சுகம் விசாரிப்பதோடு நிறுத்துவதில்லை. இடுப்பு வலிக்குதா, முட்டி வலிக்குதா, அதுக்கு என்னா போடுற, அட்டையக் காட்டு என்பேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களிடம்தான் அடுத்த நாளும் கேட்பேன். இதை வாசிக்கிறவர்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்: உங்கள் அட்டையையும் டொக்டரிடம் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

போன மாதம் எட்டாவது மாதக் கிளினிக். மணி, நான், மதினி மூன்று பேரும் போனோம். டொக்டர் பிள்ளையைப் பாயில் உட்காரவைத்தார், உட்கார்ந்தாள். கிலுக்கை ஒரு காதுப் பக்கம் ஆட்டினார், திரும்பினாள். மறு காதுப் பக்கம் ஆட்டினார், திரும்பிக் கிலுக்கையே பிடுங்கிக்கொண்டாள். டொக்டர் ஒவ்வொன்றாக எழுத எழுத நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பிள்ளை கிலுக்கையைக் கீழே போட்டுவிட்டு, வாயை அகலத் திறந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். இன்னொன்றும் விட்டாள்.

"டொக்டர், கொட்டாவி," என்றேன். "ரெண்டு."

டொக்டர் நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் வந்தது அவருக்கும் ஒரு கொட்டாவி. கையால் மறைத்தார், மறையவில்லை. அதைப் பார்த்த மணிக்கும் வந்தது. மதினி, "என்னாடா இது, தொத்து வியாதியா?" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் வந்தது. கடைசியாக எனக்கு.

"காலமை நாலு மணிக்கு எழும்பி பஸ் ஏறினனீங்கள்," என்றார் டொக்டர். "பிள்ளைக்கு நித்திரை வருது. அவ்வளவுதான்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அந்தக் கொட்டாவிக்கு யாரும் புள்ளி போடவில்லை.